தொண்ணூறு நாள் தட்டு

தாசேக் கெலுகோர்
27 அக்டோபர் 2025

தம்பி சிவநேசா,

என் நம்பரை பிளாக் செய்துவிட்டாய். உன் பெண்டாட்டி பிரமிளாவுக்குப் போன் அடித்தால் அவளும் எடுக்க மாட்டேன் என்கிறாள். தபால்காரரை பிளாக் செய்ய முடியாதல்லவா, அதனால்தான் இந்தக் கடிதம். அஞ்சல் நிலையத்தில் தபால்தலை கேட்டேன். கல்யாணப் பத்திரிகையா என்று அந்தப் பெண் விசாரித்தாள். இல்லை, சண்டை என்றேன்.

தீபாவளியன்று நான் செய்தது மரியாதை கெட்ட காரியம்தான், ஒப்புக்கொள்கிறேன். மாமனார் மாமியாரோடு வந்து உட்கார்ந்திருந்த உனக்கு, மண்ணுக்குள்ளிருந்து எடுத்த தட்டில் நெய் உருண்டையும் முறுக்கும் வைத்துக் கொடுத்தேன். மூன்று தரம் சோப்புப் போட்டுக் கழுவித்தான் கொடுத்தேன். நீ பாதி உருண்டையைத் தின்று முடித்த பிறகுதான் வாயைத் திறந்தேன். "நல்லாருக்கா தம்பி? எட்டு மாசம் மண்ணுக்குள்ள கெடந்த தட்டு. பாரு, உங்க கம்பெனி இலை முத்திரைகூட அழியலலா" என்றேன். பிரமிளாவின் அப்பா பதறிப்போய்த் தன் தட்டைக் கீழே வைத்துவிட்டார். அவருக்குக் கொடுத்தது பீங்கான் தட்டு, பாவம். அவரிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல். உன்னிடம் கேட்கவில்லை.

கோபத்தில் நீ மறந்திருக்கலாம், அதனால் நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். போன பிப்ரவரி தைப்பூசத்துக்கு உன் கம்பெனி எங்கள் தண்ணீர்மலைக் கோயில் அன்னதானப் பந்தலுக்குத் தட்டுகளை இனாமாகக் கொடுத்தது. பேனரையும் நீயே கொண்டுவந்து கட்டினாய். "உண்ட தட்டு உரமாகும். தொண்ணூறே நாளில் மண்ணோடு மண்." நான் பந்தலின் செயலாளர். காலையிலிருந்து பொழுது சாயும்வரை மைக் என் கையில்தான் இருந்தது. "தட்டைக் குப்பையில போடாதீங்க, இந்தச் சாக்குல போடுங்க. இது குப்பையில்ல, மண்ணாப் போறது. எங்க நெலத்துலயே பொதைக்கப்போறோம்" என்று எத்தனை தரம் சொல்லியிருப்பேன்! ஜனங்கள் கேட்டார்கள், தம்பி. ஒரு சீனப் பெண் மலைப்படி வரைக்கும் போனவள், தட்டைக் கையிலேயே வைத்திருந்ததைப் பார்த்துவிட்டு அவ்வளவு கூட்டத்தையும் தள்ளிக்கொண்டு திரும்பி வந்து சாக்கில் போட்டுவிட்டுப் போனாள்.

அத்தனையையும் என் வீட்டுக்காரர், உன் மாமா, லோரியில் ஏற்றி வந்து, வீட்டுக்குப் பின்னால் வாழை வைத்திருக்கும் இடத்தில் மூன்று குழி வெட்டிப் புதைத்தார். இந்த மாதம் பக்கத்தில் புதுக் கன்று வைக்கத் தோண்டியபோது மண்வெட்டியில் தட்டு மாட்டியது. மூன்று குழியையும் திறந்து பார்த்தோம். தட்டில் ஒட்டியிருந்த சோறு மண்ணாகியிருந்தது. தட்டு ஆகவில்லை.

பிறைத் தொழிற்பேட்டை ஃபேக்டரியில் இருபத்தாறு வருடமாகக் குவாலிட்டி பார்க்கிறவள் நான். ஒரு பெட்டியிலிருந்து பத்து எடுத்துச் சோதிக்காமல் எதற்கும் கையெழுத்துப் போட்டதில்லை. உன் தட்டில் ஒன்றைக்கூடச் சோதிக்காமல் மைக்கைப் பிடித்துவிட்டேன். தம்பி சொன்னான், போதும் என்று இருந்துவிட்டேன்.

ஒரே கேள்வி. இது மண்ணாகாது என்று உனக்குத் தெரியுமா, தெரியாதா? தெரியாது என்றால் வா, இரண்டு பேரும் உன் பாஸிடம் போய்க் கேட்போம். தெரியும் என்றால் அதையும் எழுது.

லோகேஸ்வரி


ஆயர் ஈத்தாம்
5 நவம்பர் 2025

அக்காவுக்கு வணக்கம்.

போனில் பேசினால் நீங்கள் கத்துவீர்கள், நானும் கத்துவேன். அதனால் நானும் எழுதியே பதில் சொல்கிறேன்.

எங்கள் தட்டுக்கு ஆய்வுக்கூடச் சான்றிதழ் இருக்கிறது. உரக்கூடத்தில் அறுபது டிகிரி சூட்டில், காற்றும் ஈரமும் அளவாகக் கொடுத்தால் தொண்ணூறு நாளில் மக்கும். சோதித்துப் பார்த்துக் கொடுத்த சான்றிதழ் அது. நீங்கள் வாழைக்கு அடியில் போட்டு மண்ணைத் தள்ளி மூடிவிட்டு மக்கவில்லை என்கிறீர்கள். மாவை வெயிலில் காயவைத்துவிட்டு, ரொட்டி வேகவில்லை என்று மாவு விற்றவனைத் திட்டுகிற மாதிரி இருக்கிறது. குழி வெட்டிப் புதைக்கச் சொன்னது யார்?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், மனதில் வைத்துக்கொள்ள எனக்குப் பிடிக்காது. வருடா வருடம் அந்தப் பந்தலுக்கு வாழையிலை மாமாவின் தோட்டத்திலிருந்துதான் போகும். எங்கள் தட்டு வந்ததும் அது நின்றுபோனது. அந்த வருத்தம் உங்களுக்கு இருக்கலாம். அதற்காக என் மாமனார் முன்னால் என்னை அப்படி உட்காரவைத்து அவமானப்படுத்த வேண்டுமா? வீட்டுக்கு வரும் வழியில் கடல் பாலம் முழுக்கப் பிரமிளா ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாள்.

கம்பெனி லோரியை அனுப்புகிறேன். புதைத்த தட்டு எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள், உங்கள் நிலம் சுத்தமாகிவிடும். ஜனவரி வரை மட்டும் பந்தல் கமிட்டியில் இதைப் பேசாதீர்கள். பள்ளிச் சிற்றுண்டிச்சாலைகளுக்குத் தட்டு கொடுக்கும் ஒப்பந்தம் அப்போதுதான் முடிவாகும். முடிந்தால் வடக்கு வட்டாரம் முழுவதும் என் பொறுப்பில் வரும். பதினான்கு வருடம் இதற்காகத்தான் உழைத்தேன் அக்கா.

சிவநேசன்


தாசேக் கெலுகோர்
16 நவம்பர் 2025

தம்பி,

உன் லோரி வந்தது. திருப்பி அனுப்பிவிட்டேன். டிரைவர் நல்ல பிள்ளை, கோப்பி குடித்துவிட்டுப் போனான்.

இலைக் கதையை எடுத்தாயே, அதற்குப் பதில் கேள். இலை வேண்டாம், தம்பி கம்பெனித் தட்டு வருகிறது என்று கமிட்டியில் எழுந்து சொன்னதே நான்தான். உன் மாமா அதை எதிர்க்கவில்லை. "ஒன் தம்பி முன்னுக்கு வரட்டுமே" என்றுதான் சொன்னார். நீ எழுதியதை அவருக்குப் படித்துக் காட்டவில்லை. காட்டவும் மாட்டேன்.

புதைக்கச் சொன்னது யார் என்று கேட்கிறாய். "மண்ணோடு மண்" என்று எழுதிக் கொடுத்தால் மண்ணில் புதைக்காமல் அலமாரியிலா வைப்பார்கள்? அறுபது டிகிரி உரக்கூடம் எங்கே இருக்கிறது, அந்த விலாசத்தைக் கொடு. உன் மாமா லோரியில் ஏற்றிக்கொண்டு நேரே அங்கே போகட்டும். விலாசம் இல்லையென்றால் அந்தச் சான்றிதழை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

இப்போது பெரிய விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் செபராங் ஜெயாவில் சாமான் வாங்கப் போனேன். சூப்பர்மார்க்கெட்டில் உங்கள் தட்டுப் பெட்டி மனுஷன் உயரத்துக்கு அடுக்கியிருந்தது. ஒவ்வொரு பெட்டியிலும் நான்! பச்சைப் புடவை கட்டி, கையில் மைக்கோடு, முப்பத்திரண்டு பல்லும் தெரிய நிற்கிறேன். "எங்கள் பந்தலின் நம்பிக்கை" என்று கீழே போட்டிருக்கிறது. பக்கத்தில் நின்ற ஒரு மலாய்க்கார அம்மா பெட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு சிரித்துக்கொண்டே இரண்டு பெட்டி எடுத்துப் போட்டுக்கொண்டாள். என்னைப் பார்த்துத்தான் வாங்கினாள் தம்பி! வாங்காதே என்று சொல்லாமல் நான் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு நகர்ந்துவிட்டேன்.

என்னை ஒரு வார்த்தை கேட்டாயா? கேட்டிருந்தாலும் அப்போது சரி என்றுதான் சொல்லியிருப்பேன், அது எனக்கும் தெரியும். இப்போது சொல்கிறேன், என் முகத்தை எடு. எடுத்தால் மட்டும் போதாது. தட்டு மண்ணில் மக்காது என்று என் முகம் இருந்த அதே பெட்டியில் அச்சடி.

கமிட்டியில் பேசாதே என்றாய். நேற்றே பேசிவிட்டேன். தலைவர் பிச்சைமுத்து அண்ணன், "சும்மா குடுக்கறாங்க, அதையும் வேண்டாங்கறியே லோகா. சாமி காரியத்துல வம்பு எதுக்குலா?" என்றார். சாமி காரியம் என்பதால்தான் வம்பு என்றேன். கை தூக்கச் சொன்னார்கள். என் பக்கம் இரண்டு கை, அதிலும் ஒன்று என்னுடையது. வரும் தைப்பூசத்துக்கும் உங்கள் தட்டுதான். சந்தோஷமா?

லோகேஸ்வரி


ஆயர் ஈத்தாம்
8 டிசம்பர் 2025

அக்கா,

படம் பெட்டியில் போனது எனக்குத் தெரியும். உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். நீங்கள் பார்த்தால் சந்தோஷப்படுவீர்கள் என்று அப்போது நினைத்தேன். பெட்டியை எடுத்துக்கொண்டு தீபாவளிக்கு வரலாம் என்றுகூட இருந்தேன். அதற்குள்தான் அந்த நெய் உருண்டை.

எங்கள் மார்க்கெட்டிங் மேலாளர் இத்ரீஸிடம் பேசினேன். நல்ல மனிதர்தான், ஆனால் அவருக்கும் மேலே ஆட்கள் இருக்கிறார்கள். அடுத்த அச்சிலிருந்து உங்கள் படம் இருக்காது. அதற்குப் பதிலாக அவர்கள் கேட்பது ஒரு கையெழுத்து. இத்துடன் வைத்திருக்கிறேன். "பொருளை உரிய முறையில் பயன்படுத்தாததால் ஏற்பட்ட தவறான புரிதல்" என்று இரண்டே வரி. கையெழுத்துப் போட்டால் எல்லாம் முடிந்துவிடும். இல்லையென்றால் வழக்கறிஞர் நோட்டீஸ் அனுப்பப்போவதாகப் பேச்சு. உங்கள் வேலைக்கும் அதனால் இடைஞ்சல் வரலாம். பயமுறுத்த எழுதவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

நீங்கள் நினைக்கிற மாதிரி நாங்கள் எதையும் ஒளிக்கவும் இல்லை. உரக்கூடத்தில் மட்டுமே மக்கும் என்று பெட்டியின் அடியில் ஆங்கிலத்திலும் மலாயிலும் சின்ன எழுத்தில் இருக்கிறது. பாருங்கள்.

மாமாவை விசாரித்ததாகச் சொல்லுங்கள். அந்த இலை விஷயத்தை நான் எழுதியிருக்கக் கூடாது.

சிவா


தாசேக் கெலுகோர்
20 டிசம்பர் 2025

சிவா,

பார்த்தேன். பெட்டியைக் கவிழ்த்து, என் ஃபேக்டரியில் சாலிடர் பார்க்கிற பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். ஆங்கிலத்தில் இருக்கிறது. மலாயில் இருக்கிறது. தமிழில் "தொண்ணூறே நாளில் மண்ணோடு மண்" மட்டும்தான் இருக்கிறது. பந்தல் பேனரிலும் அவ்வளவுதான் இருந்தது. படமெடுத்து வைத்திருக்கிறேன்.

அந்தக் கம்பெனியில் தமிழ் எழுதுகிறவன் ஒரே ஒருத்தன்தான்.

நீ அனுப்பிய காகிதத்தைக் கிழிக்கவில்லை. நான்காய் மடித்து இந்த உறைக்குள்ளேயே வைத்திருக்கிறேன், எடுத்துக்கொள். உரிய முறையில் பயன்படுத்தவில்லையாம்! சாப்பிடுகிற தட்டில் சாப்பிட்டோம், மண்ணாகும் என்றதை மண்ணில் போட்டோம். இதில் என்னடா முறை தவறியது?

படத்தை மட்டும் எடுத்துவிடுகிறோம் என்கிறார்கள். அந்த இடத்தில் வேறொரு அக்கா வருவாள். அவளும் ஒரு பந்தலில் மைக் பிடிப்பாள், அவளுக்கும் ஒரு தம்பி இருப்பான். எனக்கு அந்தப் பேரம் வேண்டாம்.

நோட்டீஸ் வரட்டும். வேலைக்கு இடைஞ்சல் வந்தாலும் வரட்டும். எனக்குப் பயம் இல்லை என்று எழுதினால் அது பொய், உன் மாமா வேறு ராத்திரி சரியாகத் தூங்குவதில்லை. ஆனால் தைப்பூசத்தன்று பந்தலில் மைக் என் கையில்தான் இருக்கும். பிச்சைமுத்து அண்ணன் வேறு யாரையாவது போடலாமென்று இரண்டு பேரைப் பேசவைத்துப் பார்த்தார். ஒருத்தருக்குக் கால் மணி நேரத்தில் தொண்டை கட்டிக்கொண்டது, இன்னொருத்தர் சோறு தீர்ந்துவிட்டது என்று தப்பாகச் சொல்லிக் கூட்டத்தைக் கலைத்துவிடுவார் போலிருந்தது. கடைசியில் என்னையே பேசச் சொல்லிவிட்டார். நான் என்ன பேசப்போகிறேன் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

உனக்குச் சொல்கிறேன். தோண்டியெடுத்த தட்டில் ஒரு சாக்கு நிறையக் கொண்டுவருவேன். எல்லார் முன்னாலும் கொட்டுவேன். போன வருடம் நான் சொன்னது பொய் என்று அதே மைக்கில் சொல்வேன். உன்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். நீ அதைக் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவைக்கிறேன்.

நான் அக்டோபரில் கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.

அக்கா


ஆயர் ஈத்தாம்
18 ஜனவரி 2026

அக்கா,

தெரியும்.

இந்த ஒரு வார்த்தையை எழுத மூன்று வாரம் ஆயிற்று. முழுவதையும் எழுதிவிடுகிறேன். ஆங்கிலத்தில் வந்த வாசகத்தில் அந்த வரி இருந்தது. தமிழில் எழுதிப் பார்த்தேன், "தொழில்முறை உரக்கூடத்தில், உரிய வெப்பநிலையில்" என்று நீளமாக வந்தது. படித்தால் யாருக்கும் எதுவும் தோன்றாத மாதிரி இருந்தது. எடுத்துவிட்டேன். யாரும் என்னை எடுக்கச் சொல்லவில்லை. இத்ரீஸுக்குத் தமிழ் தெரியாது. "சுருக்கமா, நெஞ்சைத் தொடற மாதிரி இருக்குதாலா?" என்று மட்டும் மலாயில் கேட்டார். இருக்கிறது என்றேன்.

பேனர் கட்டும்போதும் தெரியும். நீங்கள் மைக்கில் நிலத்தில் புதைக்கப்போகிறோம் என்று சொன்னபோது நான் பந்தலுக்குப் பின்னால் தண்ணீர்ப் பாட்டில் அடுக்கிக்கொண்டிருந்தேன். அப்போதே வந்து உங்கள் காதில் சொல்லியிருக்கலாம். நீங்கள் அவ்வளவு சந்தோஷமாகப் பேசிக்கொண்டிருந்தீர்கள். பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். தீபாவளியன்று அந்தத் தட்டைப் பார்த்ததும் எனக்கு வந்தது கோபம் இல்லை, வெட்கம். கோபப்படுவது சுலபமாக இருந்தது.

ஒப்பந்த முடிவு பிப்ரவரிக்குத் தள்ளிப்போய்விட்டது. தைப்பூசத்தன்று கம்பெனி ஆட்கள் பந்தலுக்கு வருவார்கள். ஸ்பீக்கர் செட்டும் இந்த முறை கம்பெனி செலவு, அதைப் பார்த்துக்கொள்ளும் வேலை என்னுடையது. நீங்கள் செய்யப்போவதை நான் யாரிடமும் சொல்லவில்லை. ஆனாலும் கேட்கிறேன், வேண்டாம் அக்கா. இன்னும் கொஞ்சம் நாள் கொடுங்கள், உள்ளேயிருந்து சரிசெய்யப் பார்க்கிறேன்.

சிவா


தாசேக் கெலுகோர்
4 பிப்ரவரி 2026

தம்பி சிவா,

உள்ளேயிருந்து சரிசெய்ய உனக்கு ஒரு வருடம் இருந்தது. அதனால்தான் நாள் கொடுக்கவில்லை. ஆனால் இந்தக் கடிதம் அதற்கு இல்லை.

ஞாயிற்றுக்கிழமை நான் சாக்கைக் கவிழ்த்தபோது உன் மேலாளர் உன்னைப் பார்த்து, மைக்கை அணை என்று கையை வெட்டிக் காட்டினார். நான் பார்த்தேன். ஸ்பீக்கர் பெட்டி உன் காலடியில்தான் இருந்தது. ஒரு சுவிட்ச், அவ்வளவுதான். இரண்டாம் தரமும் காட்டினார். நீ கையைக் கட்டிக்கொண்டு நின்றாய். நான் சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்கும்வரை அப்படியே நின்றாய். சாலை முனை வரைக்கும் கேட்டதாம், உன் மாமா சொன்னார்.

"போன வருஷம் இதே எடத்துல நின்னு ஒங்களுக்குப் பொய் சொன்னேன். தெரியாமச் சொன்னேன், ஆனா சோதிச்சுப் பாக்காமச் சொன்னேன்" என்ற இடத்தில் அழுதுவிடுவேன் என்று நினைத்தேன். அழவில்லை. ஒரு ஆள், "சாமி நாள்ல இதெல்லாம் எதுக்குக்கா?" என்று முணுமுணுத்துக்கொண்டே போனார். இரண்டு பேர் சிரித்தார்கள். ஆனால் ஒரு பெண் வந்து தட்டை எடுத்து வளைத்துப் பார்த்தாள், முத்திரையை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள், "அப்ப இதை எங்கக்கா போடறது?" என்று கேட்டாள். "குப்பையில போடும்மா. இது குப்பைதான்" என்றேன். ஒரு வருடத்தில் நான் மைக்கில் சொன்ன முதல் உண்மை அதுவாகத்தான் இருக்கும்.

பிச்சைமுத்து அண்ணன் என்னோடு பேசவில்லை. செயலாளர் பதவியை விட்டுவிடச் சொல்லிச் செய்தி அனுப்பியிருக்கிறார். தாராளமாக எடுத்துக்கொள்ளட்டும்.

உனக்கு என்ன ஆயிற்று? எழுது. அல்லது போன் பண்ணு, நான் உன்னை பிளாக் செய்யவில்லை.

அக்கா


ஆயர் ஈத்தாம்
9 பிப்ரவரி 2026

அக்கா,

போன வாரமே கம்பெனியில் கூப்பிட்டார்கள். விசாரணை முடியும்வரை வேலைக்கு வரவேண்டாம் என்றார்கள். முடிவு என்னவென்று எனக்கே தெரியும். பிரமிளாவிடம் சொன்னேன். அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். அப்புறம், "தீபாவளிக்கே சொல்லியிருக்கலாம்லா, நான் அன்னிக்கே ஒங்கக்கா பக்கம் ஒக்காந்திருப்பேன்" என்றாள்.

போனில் சொல்ல வரவில்லை, அதனால் எழுதுகிறேன். பயனீட்டாளர் அலுவலகத்துக்குப் போய், பொருள் வாங்குகிறவர்கள் புகார் எழுதிக் கொடுக்கும் பாரம் ஒன்று வாங்கி வந்திருக்கிறேன். பள்ளிகளுக்குத் தட்டு போவதற்கு முன்னால் கொடுத்துவிட வேண்டும். ஆங்கில வாசகம், நான் எழுதிய தமிழ், நான் அடித்து எடுத்த வரி, எல்லாம் என் கணினியில் தேதியோடு இருக்கிறது. அச்சடித்து இணைத்துவிட்டேன். புகார் செய்பவர் என்ற இடத்தில் என் பெயர். தவறான விளம்பரத்துக்குப் பொறுப்பானவர்கள் என்ற இடத்தில் முதலில் கம்பெனியின் பெயரை எழுதினேன். பிறகு கீழே என் பெயரையும் எழுதினேன். ஒரே பாரத்தில் இரண்டு இடத்திலும் ஒரே ஆள் இருக்கலாமா என்று மறுபடியும் போய்க் கவுண்டரில் கேட்டேன். இதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை என்றார் அங்கிருந்தவர்.

பாதிக்கப்பட்டவர் என்று ஒரு இடம் இருக்கிறது. உங்கள் பெயரைப் போட உங்கள் சம்மதம் வேண்டும். போன தரம் உங்கள் முகத்தைக் கேட்காமல் எடுத்துக்கொண்டேன், இந்தத் தரம் கேட்கிறேன். போடட்டுமா?

சிவா


தாசேக் கெலுகோர்
11 பிப்ரவரி 2026

சிவா,

பாதிக்கப்பட்டவர் என்ற இடத்தில் என் பெயரைப் போடாதே. அங்கே மலைப்படியிலிருந்து திரும்பி வந்த அந்தச் சீனப் பெண்ணைப் போடு. பெயர் தெரியாவிட்டால் பரவாயில்லை, பொதுமக்கள் என்று எழுது.

நீ எழுதினாய். அதை ஊருக்கெல்லாம் கேட்கிற மாதிரி சொன்னது நான். பொறுப்பானவர்கள் என்ற இடத்தில் உன் பெயருக்குக் கீழே என் பெயரை எழுது. அடையாளக் கார்டு நம்பர் இத்துடன் இருக்கிறது. கையெழுத்துப் போட நானே வருகிறேன், கவுண்டரில் உன் பக்கத்தில் நின்று போடுகிறேன்.

அக்கா